மலையேறும்போது அடைக்கும் காதும் பாட்டுச் சத்தத்தால் இரையும் காதும்

பொகவந்தலாவைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்து போகிறேன். பஸ்ஸில் வழி முழுவதும் உரத்த பாட்டு ஓடும். அது பிடிக்காமல் என் இயர்போனைச் செருகி, அந்தச் சத்தம் மறையும்வரை என் பாட்டைக் கூட்டி வைப்பேன். கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் வந்ததும் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். சிறு வயதிலிருந்து இதற்குப் பழகிவிட்டதால், காதில் எந்த மாற்றம் வந்தாலும் பழியை மலையின் மேல் போட்டுவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நேர் முன்னால் மூன்று மணி நேரம் நின்று ஆடினேன். மறுநாள் காலையில் அம்மா தேநீர் கொடுத்தபடி பேசியது சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்டது. இரண்டு நாளில் அடைப்பு விட்டது, ஆனால் ஙொய்யென்ற இரைச்சல் இன்றுவரை நிற்கவில்லை. கொழும்பு அறையில் மின்விசிறி அதை மூடிவிடுகிறது. தோட்டத்து லய வீட்டில், மழை விட்ட இரவில், அந்த இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. கடையில் ஒரு அம்மா "பட்டு" என்று கேட்டது எனக்குப் "பத்து" என்று விழுந்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது. இது மலை ஏறி இறங்குவதால் வருவதா, பாட்டால் வந்ததா? தானாகப் போய்விடுமா? பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார்.

செவிச்சோதனையாளர்:

தம்பி, முதலில் எண்ணெய் வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கோளாறு இருக்கும் இடத்துக்கு எண்ணெய் போய்ச் சேராது. செவிப்பறையில் துளை இருந்தால் அது கெடுதலாகவும் முடியும். அரச மருத்துவமனையொன்றில் பல ஆண்டுகளாகக் கேட்டல் பரிசோதனை செய்துவருகிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியோடு நம் பகுதிப் பிள்ளைகள் பலர் வந்திருக்கிறார்கள்.

மலையேறும்போது வரும் அடைப்பு காற்றழுத்தத்தால் வருவது. உயரம் கூடும்போது வெளியே அழுத்தம் குறைகிறது. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் திறக்கும்வரை செவிப்பறை வெளிநோக்கித் தள்ளப்பட்டு நிற்கிறது. விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது சரியாகிவிடும். உங்களுக்குத் திருவிழாவுக்கு மறுநாள் வந்தது அதுவன்று. அது உட்செவியில், நத்தையோட்டைப்போல் சுருண்ட உறுப்பில் நேர்ந்தது. ஒவ்வொரு காதிலும் அங்கே ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பெருஞ்சத்தம் அவற்றைக் களைக்கச் செய்கிறது. ஓரிரு நாள் ஓய்வில் பல மீண்டுவிடும், மீளாதவை இறந்துபோகும். மனிதரில் அவை மறுபடி முளைப்பதில்லை. அடைப்பு விட்டதால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2009இல் குஜாவா, லிபர்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் செய்த ஆய்வில், கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும் பங்கு நிரந்தரமாக அழிந்திருப்பதைக் கண்டார்கள். சந்தடிக்குள் ஒருவர் சொல்வது பிடிபடாமல் போவதற்கு இத்தகைய சேதமும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம். பெட்டிக்கு முன்னால் 100 டெசிபல் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரே இரவில் ஒன்பது வாரப் பங்கை வாங்கிவிட்டீர்கள். பஸ்ஸில் நீங்கள் செய்வதும் எனக்குக் கவலை தருகிறது. ஒரு சத்தத்தை மூட இன்னொன்றைக் கூட்டும்போது காதுக்கு இரண்டும் சேர்ந்தே போகின்றன. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது.

மூன்று வாரம் நின்ற இரைச்சலைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டி, ஒலிப் பரிசோதனை கேளுங்கள். சத்தத்தால் வந்த பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், ஒரு பள்ளமாகப் பரிசோதனை வரைபடத்தில் தெரியும். ஒருவேளை ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். அதற்கான மருந்து முதல் சில நாட்களில்தான் அதிகம் பயன்படும். இரவில் வானொலியைத் தாழ்ந்த சத்தத்தில் வைத்துப் படுங்கள். முழு அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகத் தெரியும்.

தலவாக்கலை மகள்:

என் அப்பா 31 வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் ஓடும் அறையில் நின்றவர். அந்தக் காலத்தில் அவருக்குக் காதுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியைக் கூட்டி வைக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நாங்கள் பல வருடம் அவரிடம் கோபித்தோம். இப்போது என் மூன்று வயது மகள் மடியில் ஏறி எதையோ சொல்வாள். அவர் அவளுடைய வாயையே உற்றுப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார். பிள்ளையின் மெல்லிய குரல்தான் அவருக்கு முதலில் கேட்காமல் போயிற்று. திருவிழாவில் தப்பு அடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார், அந்த அதிர்வு நெஞ்சில் தெரிகிறது என்பார். தம்பி, அப்பா சோற்றுக்காக அந்த அறையில் நின்றார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தயவுசெய்து இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

ஹட்டன் ஒலியமைப்பு:

திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கிச் சாமான் வாடகைக்குக் கொடுப்பவன் நான். இதில் எங்களுக்கும் பங்கு இருப்பதால் எழுதுகிறேன். நம் மலைகளில் திருவிழாக் கமிட்டி முதலில் கேட்பது, "பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிவிசனுக்கும் கேட்க வேண்டும்" என்பதுதான். தூரத்துக் காதுக்காகச் சத்தத்தை வைக்கிறோம், பெட்டியின் காலடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். ஆகவே இரண்டு மீற்றரில் நிற்பவர் எட்டு மீற்றருக்குப் பின்வாங்கினாலே 12 டெசிபல் மிச்சம். நான் இப்போது பெட்டிகளைத் தலைக்கு மேலே உயரத் தூக்கி வைத்து, முன்னால் கயிறு கட்டி இடம் விடுகிறேன். சில கமிட்டிகள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே பணித்திருப்பதையும் எடுத்துச் சொல்கிறேன். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது போதாது. விரலால் உருட்டிச் செருகும் நுரைச் செருகிகள்தான் வேண்டும். என் வேலைப் பையன்களுக்கு அவற்றை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

பொகவந்தலாவைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பரிசோதனை முடிந்தது. இரண்டு காதிலும் 4,000 ஹேர்ட்ஸில் பள்ளம் இருக்கிறது, வலது காதில் அதிகம். அன்று பெட்டி எனக்கு வலப் பக்கம்தான் நெருங்கியிருந்தது. இரைச்சல் காலப்போக்கில் குறையலாம், ஆனால் பள்ளம் நிரம்புமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வரும்போது பாட்டில்லாமல், நுரைச் செருகியோடு வந்தேன். கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைத்ததும் செருகியைக் கழற்றி எச்சிலை விழுங்கினேன். அடைப்பு உடனே திறந்தது, இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. பாட்டியிடம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அப்படித்தான் விளக்கினேன். எண்ணெய்ப் போத்தலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.