மின்னல் வேக ஆயுத உருவல்: ‘இமையுருவல்’ என்று ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம். கதைகளில் வாளையோ துப்பாக்கியையோ கண்ணிமைக்கும் நேரத்தில் உருவி எதிரியை வீழ்த்தும் உத்திக்கு இந்த இழையில் ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘மின்னுருவல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். மின்னலைப் போல உருவுவது என்று யாருக்கும் புரிந்துவிடும்.

இதற்கு உடன்பட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மின்னஞ்சல், மின்னூல், மின்னாளுகை என்று ‘மின்’ இன்று கணினி உலகின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்ட நிலையில், ‘மின்னுருவல்’ என்பதைத் தனியே காண்பவர் அதை ஏதோ எண்மப் படக்கோப்பு என்றுதான் எண்ணுவார். ‘மின்னலுருவல்’ என்று விரித்து எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். ஆனாலும் அது வேகத்தை மட்டுமே சொல்லும். கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த உத்தியின் உயிர்நிலை வேகம் அன்று, உருவும் செயல் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவதே என்பது என் கருத்து. கை இடுப்பருகே இருந்தது தெரியும்; எதிரி வீழ்ந்ததும் தெரியும்; இடையில் நடந்ததை மட்டும் கதை நமக்குக் காட்டுவதில்லை.

இந்த உத்திக்கு ஊற்றான இரண்டு மரபுகளையும் பார்த்தால் இது தெளிவாகும். ஜப்பானில் வாளை உருவும் செயலையே ஒரு கலையாக வளர்த்த இயாய் மரபு, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹயாஷிஸாகி ஜின்சுகேயைத் தன் முதல்வராகப் போற்றுகிறது. அங்கே கட்டானா வாளை வெட்டுவாய் மேல்நோக்கி இருக்குமாறு இடைக்கச்சையில் செருகுவார்கள். அலகின் அடியில் பொருத்திய உலோகப் பட்டை உறையின் வாயை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், முதலில் இடக்கைக் கட்டைவிரலால், பிடிக்கு முன்னுள்ள கைக்காப்புத் தகட்டை மெல்ல முன்னே தள்ளி அந்தப் பிடிப்பை விடுவிக்க வேண்டும். பிறகு வலக்கை வாளை உருவும் அதே வேளையில் இடக்கை உறையைப் பின்னுக்கு இழுக்கிறது. வாள் வெளிவரும் பாதையே வெட்டும் பாதையாகிவிடுவதால், உருவிய பிறகு ஓங்குவதற்கென்று தனியாக ஒரு கணம் தேவைப்படுவதில்லை. பயிற்சியில் முதல் வெட்டு பெரும்பாலும் எதிரியைத் தடுத்து நிறுத்துவதோடு சரி. முடிவு கட்டுவது அடுத்து மேலிருந்து இறங்கும் இரண்டாம் வெட்டுத்தான். கதாசிரியர்கள் இந்த இரண்டாம் வெட்டைத் துணிந்து நீக்கிவிட்டார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘சஞ்சுரோ’ (1962) படத்தின் இறுதியில் இருவர் மிக அருகருகே, அசைவில்லாமல், பார்ப்பவருக்குப் பொறுமை போகும் அளவுக்கு நிற்கிறார்கள்; பிறகு ஒரே ஓர் அசைவு, பீறிட்டெழும் குருதி. யார் எப்படி உருவினார் என்பதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும்.

அமெரிக்க மேற்கில் நடந்தது வேறு கதை. 1865 ஜூலை 21 அன்று மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் சதுக்கத்தில் பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் துப்பாக்கியால் மோதிக்கொண்டபோது அவர்களுக்கு இடையே ஏறத்தாழ 75 கஜத் தொலைவு இருந்தது. அத்தனை தொலைவில் வெற்றியைத் தீர்மானித்தது கைவேகத்தைவிடக் குறிதான். 1873இல் வந்த கோல்ட் (Colt) நிறுவனக் கைத்துப்பாக்கியிலும் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் அதன் பின்புறச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். தொடையில் தாழக் கட்டிய உறையும், அதன்மேல் துடிக்கும் விரல்களும் பெரும்பாலும் ஹாலிவுட்டின் கைவண்ணம். 1950களில் தொலைக்காட்சித் தொடர்கள் பெருகியபோது, நடிகர்கள் விரைந்து உருவுவதற்கென்றே உள்ளே உலோகத் தகடு வைத்த உறைகளைச் செய்து கொடுத்தார்கள். லயன் காமிக்ஸ் வழியே டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தக் காட்சி வரலாறாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. லக்கி லூக் தன் நிழலையே முந்திச் சுடுபவன் என்பது இந்த உத்தியை அதன் எல்லைவரை கொண்டுபோய்ச் செய்த நகைச்சுவை.

இன்னொரு நண்பர் ‘முந்துருவல்’ என்று எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் கதைகளில் நாயகன் பெரும்பாலும் முந்துவதில்லை, வில்லன் கைவைத்த பிறகே உருவுகிறான். கௌபாய் படங்களில் நாட்டம் கொண்டிருந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர், எண்ணித் துணிபவனைவிட எதிர்வினையாக இயங்குபவனே விரைவானவன் என்று இதற்கு விளக்கம் சொல்லி, பொம்மைத் துப்பாக்கிகளை வைத்துச் சோதித்தும் பார்த்தாராம். 2010இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். எதிர்வினையாக எழும் அசைவு ஏறத்தாழ 21 மில்லிவிநாடி விரைவாக முடிகிறது; ஆனால் எதிராளியின் அசைவைக் கண்டு இயங்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 200 மில்லிவிநாடி போய்விடுகிறது. நீல்ஸ் போர் சொன்னதில் பாதி உண்மை. நிஜத்தில் நாயகன் பிழைத்திருக்க மாட்டான். எனவே பிந்தி உருவி வெல்பவனுக்கு ‘முந்துருவல்’ பொருந்தாது.

என் முன்மொழிவு ‘இமையுருவல்’. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று தொல்காப்பியம் காலத்தை அளந்த இமைப்பு, கால அளவாக மட்டுமன்றி, கண் மூடிக் காட்சி அறுபடும் கணமாகவும் இருக்கிறது. வேகம், காணாமை ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘உருவல்’ வாளுக்கும் துப்பாக்கிக்கும் இன்றைய வழக்கில் ஒருசேரப் பொருந்துகிறது. ‘உறை கழித்த வாள்’ என்ற பழைய ஆட்சி எனக்கும் விருப்பமானதே. ஆனால் ‘உறைகழிப்பு’ என்று சொல்லாக்கினால், இன்றைய காது ‘கழிப்பு’ என்பதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘இமைப்புருவல்’ என்றும் எழுதிப் பார்த்தேன். இமைக்குப் பக்கத்தில் புருவமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சொல் வினையாகவும் வளைகிறதா என்று பார்த்தால், ‘இமையுருவினான்’, ‘இமையுருவல் காட்சி’, ‘இமையுருவலில் வல்லவள்’ ஆகியவை நாவில் தடையின்றி வருகின்றன. உருவும் வீச்சிலேயே வெட்டும் ஜப்பானிய நுட்பத்தைத் தனித்துக் காட்ட ‘உருவுவெட்டு’ என்ற துணைச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். அது போர்க்கலைச் சொல், இமையுருவலோ கதைக்கலைச் சொல்.

வெட்டியவன் வாளை நிதானமாக உறைக்குள் செருகி, கைக்காப்பு உறைவாயில் மோதும் ஒலி கேட்ட பிறகே எதிரி சரிந்து விழும் காட்சியையும் இதே தலைப்பில் அடக்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. அதில் காலம் சுருங்குவதற்கு மாறாக நீள்கிறது என்பதால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும் என்றே நினைக்கிறேன். ‘உறையிடல்’ போதுமா, ‘தாழ்வீழ்வு’ (காலந்தாழ்த்தி வீழ்வது) போல ஏதேனும் வேண்டுமா என்பதை நண்பர்கள் தனி இழையில் எழுதினால், இந்த இழையில் இமையுருவலை மட்டும் முடிவு செய்துவிடலாம்.