1995 இடம்பெயர்வு: அம்மம்மாவுக்கு எதை வாசித்துக் காட்டலாம்?

கொக்குவில் பேத்தி:
அம்மம்மாவுக்கு 83 வயது. போரில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இரவு கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு நடந்தவர். கேட்டால், "ஊரே நடந்தது, நானும் நடந்தேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன வாரம் அந்த இடம்பெயர்வைப் பற்றிய சிறுகதை ஒன்றை உரக்க வாசித்தேன். நாவற்குழிப் பாலத்தில் சனம் வெயிலில் தவித்தது என்று ஒரு வரி. "இதை எழுதியவர் அந்தப் பக்கமே வரவில்லை. அன்றைக்கு மழை" என்று இடைமறித்தார். பிறகு அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தது, சைக்கிள் கரியரில் தையல் மெஷினைக் கட்டியது, மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தது. மாட்டைச் சொன்னபோதுதான் அழுதார்.

ஒழுங்கையில் இன்னும் நான்கு பாட்டிமார் இருக்கிறார்கள். சேர்த்து உட்காரவைத்து வாசிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? வீரப் பிரதாபம் வேண்டாம், அம்மம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

பழைய புத்தகப் பிரியன்:
கவிதையில் தொடங்குங்கள். 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', அடுத்த ஆண்டு வந்த பெண் கவிஞர்களின் தொகுப்பு 'சொல்லாத சேதிகள்'. இரண்டும் அந்த நடைக்குச் சுமார் பத்து வருடம் முந்தியவை என்பதால் புண்ணில் நேரே கைவைக்காது. அச்சுப் பிரதிக்கு அலைய வேண்டாம், 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். பிழையான கதைகளையும் ஒதுக்காதீர்கள், திருத்துவதற்காகவே பேசுவார்கள்.

புத்தளத்தில் வளர்ந்தவன்:
தேதியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வெளியேறியதும் ஒக்டோபர் 30தான். 1990. முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். உங்கள் ஐந்து பாட்டிமாரில் யாராவது அன்று அதைப் பார்த்திருப்பார்கள். அந்த நாளைப் பற்றியும் ஏதாவது வாசிப்பீர்களா?

கொக்குவில் பேத்தி:
இரண்டு தேதிகளையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. வாசிக்க எதுவும் கையில் இல்லாததால் நீங்கள் எழுதியதையே நேற்று வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தத் தையல் மெஷின் சோனகத் தெருக் கடையொன்றில் தவணைக்கு வாங்கியது என்றார். கடைசி இரண்டு தவணையைக் கொடுக்கப் போனபோது கடை பூட்டிக் கிடந்ததாம். கடைக்காரர் பெயர் இன்னும் நினைவிருக்கிறது அவருக்கு. தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், உங்கள் உம்மம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.