பின்வரிசை எம்.பி.யிடம் மனு கொண்டுபோன கதை

அப்பா கோவையில் மில் வேலை பார்த்தவர். பி.எஃப். பென்ஷன் ஆயிரம் ரூபாய்கூட முழுசாக வருவதில்லை. குறைந்தபட்சம் 1,000 என்று 2014 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள், அதற்கப்புறம் அரிசி என்ன விலை விற்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைப் போல நாலைந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் எம்.பி.யின் ஆபீசுக்குப் போனேன். கடைசிக்கு முந்தின வரிசைக்காரர், டிவியில் முகமே தெரியாது, அதனால் பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை.

வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். மனுஷன் பொறுமையாகப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்துவிட்டார். “ஏத்திக் குடுப்பீங்களான்னு கேட்டா, பரிசீலிக்கறோம்னு ஒத்த வரில முடிச்சுருவாங்கங்க ஐயா. ஆயிரத்துக்குக் கீழ எத்தன பேர் வாங்கறாங்க, மாநில வாரியா கணக்கு என்ன, ஏன் கொறையுதுன்னு கேட்டா பதில் எழுதியே ஆகணும்” என்றார். அ, ஆ, இ என்று மூன்று துணைக் கேள்வியாக அங்கேயே எழுதியும் விட்டார். மக்களவையில் நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டியது, நாளுக்கு 20தான், அதுவும் குலுக்கல், அதிலும் அவையில் வாய்திறக்க நேரம் கிடைப்பது ஐந்தாறுக்கு. எங்களுடையது நட்சத்திரமில்லாத கேள்வியாகத்தான் வந்தது. எழுத்தில் பதில், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தாளில்தான் விஷயம் இருந்தது. 58 வயதுக்கு முன்னாலேயே பென்ஷன் வாங்கத் தொடங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் குறைப்பார்களாம். மில் மூடியதும் ஐம்பத்திரண்டு வயதிலேயே பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தவர் அப்பா. கேட்டுப்போன இடத்தில் எல்லாம் “அப்படித்தான் வரும்” என்றார்களே தவிர, காரணம் ஒருத்தரும் சொன்னதில்லை. பென்ஷன் ஏறவில்லை, அது தனிக் கதை.

(இதைப் படித்த இன்னொருவர் கீழே எழுதிய பதில்) மேலே எழுதியவருக்கு: எங்கள் ஊர்க் கதை மக்களவையின் 377வது விதி, அதாவது எம்.பி. ஒரு பிரச்சினையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்து அவையில் எழுப்பும் வழி. எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்று எங்கள் எம்.பி. எழுதிக் கொடுத்தார். 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும், பல நாள் வாசிக்கக்கூட விடுவதில்லை, மேசையில் வைத்ததாகக் கணக்கு. அப்புறம் ரயில்வேயிலிருந்து வந்த கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து எங்களுக்கு அனுப்பினார். நிறுத்தம் தருவது தொடர் நடவடிக்கையாம், இயக்க வசதியும் வருமானமும் பார்த்து முடிவாகுமாம். டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். உங்கள் ஆள் சொன்ன மாதிரி டிக்கெட் விற்பனைக் கணக்கைக் கேட்கச் சொல்லலாம் போல. அந்த அ, ஆ, இ நகல் இருந்தால் போடுங்கள்.