மார்கரீத்தா: பூவா, முத்தா? ஒரு வரிக்கு வழி வேண்டும்

வணக்கம். ஸ்பானிஷ் சிறுகதை ஒன்றை நேரடியாகத் தமிழாக்குகிறேன். 30 பக்கமும் முடிந்தது. ஒரே ஒரு வரியில் 10 நாளாக நிற்கிறேன். வெள்ளிக்கிழமை பிரதியைக் கொடுக்க வேண்டும்.

கதை நடப்பது ஸ்பெயினின் கலீசியா பகுதியில் ஒரு கிராமத்தில். பேரனுக்குப் பாடம் சொல்லிச் சலித்துப்போன பாட்டி, "எச்சார் மார்கரீத்தாஸ் அ லோஸ் செர்தோஸ்" என்கிறாள். அதாவது, பன்றிகளுக்கு மார்கரீத்தா போடுவது. இன்றைய ஸ்பானிஷில் மார்கரீத்தா என்றால் டெய்சிப் பூ. லத்தீனிலோ அது முத்து. பைபிளில் மத்தேயு 7:6-இல் பன்றிகள்முன் போடாதே என்கிற அதே முத்து. பேரன் பூ என்றே நினைத்து, மறுநாள் விடியலில் பனி ஈரத்தோடு ஒரு கை டெய்சியைப் பறித்துப்போய்த் தீவனத் தொட்டியில் போடுகிறான். பன்றி முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்கிறது. கதையின் உயிரே அங்கேதான்.

ஆங்கிலத்தில் தேடியும் பயனில்லை. அவர்கள் சொல்வதும் முத்துதான். டெய்சி அங்கே இறந்தவர்களுக்கு வரும்: 'டெய்சியை மேலே தள்ளுகிறார்' என்றால் புதைத்தாயிற்று என்று அர்த்தம். ஸ்பெயினில் அதற்கு 'மால்வா வளர்க்கிறார்' என்பார்கள்; மால்வா வேறொரு பூச்செடி.

'பன்றிமுன் முத்து' என்று போட்டேன், பூ போய்விட்டது. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' பொருளில் கச்சிதம், ஆனால் பூவும் இல்லை, பன்றியும் இல்லை. 'குரங்கு கையில் பூமாலை' என்றால் பூ வருகிறது, அப்புறம் பையன் பன்றியிடம் போகக் காரணமில்லை. அடிக்குறிப்பும் எழுதிப் பார்த்தேன்; வாசிப்பு அறுந்துபோகிறது.

பூவும் பன்றியும் சேர்ந்து வருகிற, ஒரு கிராமத்துப் பாட்டி வாயில் இயல்பாக ஒலிக்கிற சொலவடை உங்கள் பக்கத்தில் ஏதாவது உண்டா?