புதுப்பிப்பு: பழைய கம்பளியில் எட்டுத் துண்டுத் தொப்பி, இரண்டாம் முயற்சி

பழைய மேலங்கி ஒன்றைப் பிரித்தெடுத்த மீன்முள் நெசவுக் கம்பளியில், 1920-களின் பாணியில், எட்டு முக்கோணத் துண்டுகள் உச்சியில் கூடும்படி நான் தைத்த தொப்பி உச்சியில் கிழிந்ததையும் தலைக்கு இறுகியதையும் முன்பு எழுதியிருந்தேன்; இப்போது இரண்டாவது தொப்பி முடிந்துவிட்டது.

இறுக்கத்துக்குக் காரணம் துணியன்று, என் கவனக்குறைவு. தையல் 1 மி.மீ. உள்ளே தள்ளிப் போனால் ஒவ்வோர் இணைப்பிலும் 2 மி.மீ. குறைகிறது, எட்டு இணைப்புகளில் 16 மி.மீ. போய்விட, 58 செ.மீ. தலைக்கு வெட்டியது 56.4 செ.மீ. ஆகிவிடுகிறது.

கிழிசலைப் பொறுத்தவரை, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முழங்கைப் பகுதியில் இழை தேய்ந்து சல்லடையாகியிருந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, மீதித் துண்டுகளின் பின்புறம் மெல்லிய பருத்தித் துணியைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு இணைத்தேன். நெருக்கமான தையல் பழைய கம்பளியைத் தபால்தலையின் ஓரம்போலத் துளைத்துவிடும் என்பதால், தையல் நீளத்தையும் சற்றுக் கூட்டினேன். நான்கு நான்காக இரு பாதிகள் தைத்து, பிறகு உச்சி வழியாக ஒரே தையலில் சேர்த்ததால் முனைகள் ஒழுங்காகக் கூடின. எஞ்சிய சிறு பிசகை உச்சியில் வைத்த பொத்தான் மறைத்துக்கொண்டது.

முன்விளிம்புக்குள் அட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறேன். அசலுக்கு அது துரோகம் என்பவர்கள், மழையில் ஊறிய அட்டையை ஒருமுறை பார்க்கட்டும். உட்புறத் தோல் பட்டை மட்டும் பாக்கி.