பெகு கிளப் காக்டெயில்: ஆரஞ்சு பிட்டர்ஸ் வீட்டில் செய்தவர்கள் உண்டா?

வணக்கம். கானாடுகாத்தான் வீட்டில் வெள்ளையடிக்க ஓர் அறையை ஒழித்தபோது, ரங்கூனிலிருந்து வந்த தேக்குப் பெட்டியில் ஒரு பழைய காக்டெயில் புத்தகம் கிடைத்தது. அட்டையைச் செல் அரித்துவிட்டது. ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர். அவர் குடிப்பாரா என்று அப்பத்தாவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதில் பென்சிலால் கோடிட்டிருப்பது பெகு கிளப். ரங்கூனில் வெள்ளைக்காரர்கள் கூடிய கிளப்பின் பானம் இது. லண்டன் சவாய் ஹோட்டலில் பார்மேனாக இருந்த ஹாரி கிராடக்கின் 1930 காக்டெயில் புத்தகத்திலும் இருக்கிறது: ஜின் இரண்டு பங்கு, குராசோ (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது) ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், அங்கஸ்தூரா பிட்டர்ஸ் ஒரு டாஷ் (சில சொட்டு), ஆரஞ்சு பிட்டர்ஸ் ஒரு டாஷ். பிட்டர்ஸ் என்பது தோல், மசாலா போன்றவற்றை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்ட வேண்டும்.

ஜின் 40 மில்லி, குராசோ 20 மில்லி வைத்துப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் சாறு போதவில்லை, பாகு மாதிரி தித்திக்கிறது. 15 மில்லி விட்டதும் சரியாக வந்தது. சிக்கல் ஆரஞ்சு பிட்டர்ஸில்தான். காரைக்குடியில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று நார்த்தங்காய்த் தோலைக் காயவைத்து, ஏலக்காயோடு வோட்காவில் பத்து நாள் ஊறவிட்டேன். கசப்பு நாக்கிலேயே நிற்கிறது, வாசனையைக் காணோம். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சுரண்டாமல் விட்டதாலா? அல்லது கமலா ஆரஞ்சுத் தோல்தான் வேண்டுமா? எத்தனை நாள் ஊற வேண்டும்?

செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். அப்புறம், ஜாடியை ஊறுகாய் என்று சொல்லித்தான் பரணில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் சீக்கிரம்.