முத்தியால்பேட்டை மாடி வீட்ட ஏர்பிஎன்பில போடலாமா, இருக்கற வாடகையே போதுமா?

மாடிப்போர்ஷன்:
வணக்கம் மக்களே. பாண்டி முத்தியால்பேட்டைல எங்க அப்பா வழி வீடு. மாடில ரெண்டு பெட்ரூம், ஹால், கிச்சன், மேல மொட்டைமாடி. இப்ப ஒரு குடும்பம் 15 ஆயிரம் வாடகைக்கு இருக்காங்க, கரண்ட் பில் அவங்களே கட்டிக்கறாங்க. நான் சென்னைல வேலை பாக்குறேன். ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, அந்த ஏரியால ஒரு நைட்டுக்கு 2500 தாராளமா கெடைக்கும், 30 நாளைக்கு கணக்கு போடு 75 ஆயிரம்னு. பாதி நாள் காலியா கெடந்தாலும் வாடகைய விட டபுளுக்கு மேல வருதே. அவங்கள காலி பண்ண சொல்லிட்டு ரெண்டு ஏசி மாட்டி ஏர்பிஎன்பி மாதிரி நாள் வாடகை ஆப்ல போட்டுடலாம்னு யோசிக்கறேன். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பக்கத்துவீட்டுக்காரி:
வேணாம். இதான் என் பதில்.

மாடிப்போர்ஷன்:
காரணம் சொன்னா நல்லாருக்கும் மேடம்.

பக்கத்துவீட்டுக்காரி:
சொல்றேன். எங்க வீட்டுக்கு எதிர் வீடு அப்படித்தான் ஓடுது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல கார் வந்து நிக்கும், பெங்களூர் நம்பர் இல்லன்னா சென்னை நம்பர், வந்தவங்களுக்கு எந்த வீடுன்னு தெரியாம எங்க கேட்ட தட்டுவாங்க. எங்க மாமியாருக்கு 78 வயசு, எழுந்து போய் கதவ தொறந்து அடுத்த வீடுப்பான்னு சொல்லிட்டு வந்து படுத்தா அப்புறம் தூக்கம் ஏது. நடு ராத்திரில மொட்டைமாடில பாட்டு. காலைல வாசல் பெருக்கும்போது பாட்டில் மூடி. ஓனர் எங்கன்னு கேட்டா கோயம்புத்தூர்ல இருக்காராம், போன் பண்ணா "கெஸ்ட்கிட்ட சொல்றேங்க"ன்னுவாரு, அதோட சரி. இவங்களுக்கு பாண்டின்னா சரக்கு சீப், அவ்ளோதான் தெரியும். நாங்க இங்க குடும்பம் நடத்தறோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல.

வாரக்கடைசி:
அக்கா எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லாதீங்க. நாங்க பெங்களூர்லேர்ந்து வருஷத்துக்கு நாலஞ்சு தடவ வர்றோம், ரெண்டு சின்ன பசங்க, கூட எங்க அம்மா. லாட்ஜ்ல ரெண்டு ரூம் போட்டா அம்மாவுக்கு காலைல ஒரு கப் காபி போட கூட வழி இல்ல. வீடுன்னா கிச்சன் இருக்கு, பசங்க ஹால்ல ஓடலாம், காலைல பீச் ரோட்டுக்குள்ள வண்டிங்கள விட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ட்டு வந்து நாமளே இட்லி ஊத்திக்கலாம். நாங்களும் சத்தம் போடாம தான் இருந்துட்டு போறோம். குடிக்க வர்றவன் ஹோட்டலுக்கும் தான் வர்றான்.

பக்கத்துவீட்டுக்காரி:
ஹோட்டல்ல வாட்ச்மேன் இருப்பாரு தம்பி. எதிர் வீட்டுக்கு நான் தான் வாட்ச்மேன், சம்பளம் இல்லாம.

உப்புக்காத்து:
நான் குருசுக்குப்பத்துல ஒரு போர்ஷன் விட்டுட்டு இருக்கேன், கீழ நாங்க, மேல கெஸ்ட். ஓடுது, நல்லாவே ஓடுது, ஆனா அந்த 75 ஆயிரம் கணக்க முதல்ல கிழிச்சு போடுங்க ப்ரோ. நம்ம ஊர் வெள்ளி சனி ஊரு. செவ்வாய் புதன்ல எவன் வருவான்? மே மாசம், டிசம்பர் கடைசி வாரம், பொங்கல் லீவு, அப்புறம் எப்பல்லாம் வெள்ளியோ திங்களோ லீவு வருதோ அப்ப ரூம் கெடைக்காது, சொல்ற ரேட்டு தான். இன்னொரு கூட்டம் இருக்கு, அரவிந்தர் ஆஸ்ரமத்துக்கு வர்றவங்க, வெளியூர் ஓனருங்களுக்கு தெரியாது. ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள், பிப்ரவரி 21 அன்னை பிறந்தநாள், இதுக்கு பெங்கால், ஒரிசா, குஜராத் பக்கத்துலேர்ந்து குடும்பமா வருவாங்க, வயசானவங்க, ஒரு சத்தம் இருக்காது, கிச்சன் இருந்தா போதும்னு நாலஞ்சு நாள் தங்குவாங்க. என் காலண்டர்ல முதல்ல அவங்களுக்கு தான் எடம்.

மழைக்காலம் தனி கதை. அக்டோபர் நவம்பர்ல பாதி புக்கிங் கேன்சல் ஆகும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி, மாடில கெஸ்ட் இருந்தாங்க. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஜனங்கள மீட்ட அளவுக்கு தண்ணி. கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. நான் கீழ இருந்ததால பக்கெட்ல தண்ணி ஏத்தி குடுத்து எங்க வீட்டு சாம்பார் சாதத்தையே மேல அனுப்பினேன். நீங்க சென்னைலேர்ந்து என்ன பண்ணியிருப்பீங்க?

மாடிப்போர்ஷன்:
புயல் டெய்லியா வருது? ஹால்ல ஒரு கேமரா வெச்சுட்டா சென்னைலேர்ந்தே பாத்துக்கலாம். சாவிக்கு நம்பர் பூட்டு. டெக்னாலஜி எதுக்கு இருக்கு.

உப்புக்காத்து:
ஐயோ, ஹால்ல கேமரா வெச்சுடாதீங்க. வீட்டுக்குள்ள எந்த கேமராவும் கூடாதுன்னு ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30லேர்ந்து ரூல் போட்டாச்சு, நீங்க சொல்லிட்டு வெச்சாலும் கூடாது. வெளிய கேட்டுகிட்ட வெக்கலாம், அதையும் லிஸ்டிங்ல எழுதணும். நம்பர் பூட்டு ஓகே, ஆனா இந்த உப்பு காத்துல பேட்டரி முனையெல்லாம் பச்சை பூத்துடும், ஏசி அவுட்டோர் யூனிட் துரு ஏறி ஒழுகும். அத யாரு பாப்பா?

கணக்குப்புள்ள:
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், கணக்கு மட்டும் பேசறேன். சாதாரண மாசத்துக்கு 9 நைட் ஓடுதுன்னு வைங்க, 2500 வீதம் 22,500. ஹோஸ்ட் (அதாவது வீட்ட விடறவர்) ஆப்புக்கு குடுக்கற கமிஷன் 3 சதவீதம்னு எடுத்தா 675 (சில ஹோஸ்ட்டுகளுக்கு கெஸ்ட் பங்கும் சேத்து மொத்த கமிஷனும் ஹோஸ்ட் தலைல தான் விழும், அப்ப 15 சதவீதத்த தொடும், சைன் அப் பண்ணும்போது எந்த வகைன்னு பாத்துக்கோங்க). ஒவ்வொரு தடவ ஆள் மாறும்போதும் கூட்டி தொடச்சு பெட்ஷீட் தலைகாணி உறை டவல் தொவைக்க 500, மாசத்துக்கு அஞ்சு தடவ 2500. கரண்ட் 3500, ஏன்னா கெஸ்ட் ஏசிய போட்டுட்டு தான் பீச்சுக்கு போவாங்க. வைஃபை 700. கேன் தண்ணி, சோப்பு, கொசு மருந்து, காஸ் எல்லாம் 1000. ஒடையறது நொறுங்கறது சராசரியா 2000. மொத்த செலவு 10,375. கைல நிக்கறது 12,125. உங்க வாடகை 15 ஆயிரம். இதுல ரெண்டு ஏசி, கட்டில், மெத்தை, கீசர், இன்வெர்ட்டர்னு ஆரம்பத்துல போடற ரெண்டு மூணு லட்சத்த நான் சேக்கவே இல்ல.

இன்கம் டாக்ஸ்ல வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் நேரா கழிச்சுக்க விடறாங்க, பில்லு கூட காட்ட வேணாம், அதையும் மனசுல வைங்க.

உப்புக்காத்து:
கணக்கு சரி, ஆனா மே மாசத்தையும் டிசம்பரையும் விட்டுட்டு கணக்கு போட்டா எந்த தொழிலும் நஷ்டம் தான் சார். எனக்கு அந்த ரெண்டு மாசத்துலயே மத்த மாசத்து குறையெல்லாம் அடைஞ்சுடுது. நியூ இயருக்கு மூணு நைட் குறைஞ்சா குடுக்க மாட்டேன், ரேட்டும் டபுள்.

கணக்குப்புள்ள:
உங்களுக்கு அடையும் சார், ஏன்னா பெருக்கறது தொடைக்கறது பாதிய உங்க வீட்டம்மா செய்றாங்க, சாவி குடுக்கறது நீங்க. அதுக்கு சம்பளம் போட்டீங்களா?

உப்புக்காத்து:
...இத எங்க வீட்ல காட்ட மாட்டேன்.

வாரக்கடைசி:
ஜிஎஸ்டி எதாவது இருக்கா இதுல? எங்க பில்லுல வருது, அது ஓனருக்கு போகுதா?

கணக்குப்புள்ள:
ஓனருக்கு போகாது. ஓனர் ஜிஎஸ்டில பதிவு பண்ணாதவர்னா ரூம் வரிய கட்ட வேண்டியது அந்த ஆன்லைன் தளம் தான், ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவு. 7500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 12 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5 ஆச்சு. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஓனரே பதிவு பண்ணணும், முத்தியால்பேட்டை மாடி அவ்ளோ தூரம் போகாது. அப்புறம் பான் நம்பர் மறக்காம குடுங்க. உங்களுக்கு பணம் தரும்போதே தளம் பிடிக்கற வருமான வரி, டிடிஎஸ், 0.1 சதவீதம் தான், அதுவும் தனிநபருக்கு வருஷம் 5 லட்சத்துக்குள்ளன்னா பிடிக்க மாட்டாங்க, பான் இல்லன்னா 5 சதவீதம் பிடிச்சுடுவாங்க.

தேவனாம்பட்டினம்:
ஏன் எல்லாரும் பாண்டியவே புடிச்சு தொங்கறீங்க, எங்க கடலூர்ல சில்வர் பீச் இருக்கு, ஒரு மணி நேரத்துல பிச்சாவரம், சிதம்பரம் கோயில், வீட்டு விலை பாதி, போட்டியும் கம்மி.

வாரக்கடைசி:
போட்டி கம்மி, கெஸ்ட்டும் கம்மி ப்ரோ 😄

தேவனாம்பட்டினம்:
சிரிங்க சிரிங்க. பாண்டி எல்லைய ஒட்டின கோட்டக்குப்பத்துல வீட்ட போட்டுட்டு பாண்டிச்சேரின்னு லிஸ்டிங் போடறாங்களே, அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. பாண்டில வாங்கின சரக்கோட ரூமுக்கு திரும்பும்போது செக்போஸ்ட்ல நிக்கும்போது தான் கெஸ்ட்டுக்கே தெரியும் தான் எந்த மாநிலத்துல ரூம் போட்டிருக்கோம்னு. அதுக்கு எங்க ஊரு நேர்மையா கடலூர்னே போர்டு மாட்டும்.

பக்கத்துவீட்டுக்காரி:
நீங்க எல்லாரும் லாபம் நஷ்டம் மட்டும் பேசறீங்க. மாடில இருக்கற அந்த குடும்பம் எங்க போவாங்க? எங்க தெருவுல இப்ப வாடகைக்கு வீடு தேடினா, "வீக்கெண்ட் கெஸ்ட்டுக்கு மட்டும்"னு சொல்றாங்க. ஒயிட் டவுன், அந்த பழைய பிரெஞ்சு ஏரியா, போச்சு, அது எப்பவோ கஃபேவும் ஹோட்டலுமா ஆயாச்சு. அத பிரிக்கற வாய்க்காலுக்கு இந்த பக்கமாவது ஜனங்க குடியிருக்காங்கன்னு நெனச்சோம். வேலைக்கு போறவங்க, பள்ளிக்கூடத்துக்கு போற பிள்ளைங்க இருக்கறவங்க எல்லாம் வில்லியனூர் பக்கம் தள்ளி தள்ளி போய்ட்டா அப்புறம் இது ஊரா, சினிமா செட்டிங்கா?

மாடிப்போர்ஷன்:
மேடம் என் வீடு, என் இஷ்டம். ஊர காப்பாத்த நான் ஒருத்தன் தான் கெடச்சனா? பக்கத்து வீதில நாலு பேர் பண்றாங்க. அதோட நான் ஒண்ணும் வீட்ட அனாதையா விடப்போறதில்ல, கீழ பெரியம்மா இருக்காங்க, சாவி குடுக்கறது, ஆள் வந்தா பாக்கறது எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. பெரியப்பா போனதுலேர்ந்து சும்மா தான் இருக்காங்க.

கணக்குப்புள்ள:
இத முதல் போஸ்ட்லயே சொல்லியிருக்கணும் தம்பி.

பக்கத்துவீட்டுக்காரி:
சும்மா இருக்காங்களா! எங்க மாமியார் கதைய அவ்ளோ நேரம் சொன்னேன், காதுல விழல போல. ராத்திரி பதினொரு மணிக்கு "ஆன்ட்டி வைஃபை பாஸ்வேர்ட்"னு கதவ தட்டினா யாரு எழுந்திரிக்கறது? தெரியாத நாலு ஆம்பளைங்க மாடிப்படில ஏறி எறங்கற வீட்ல தனியா ஒரு பொம்பள எப்படி கதவ தொறந்து போட்டுட்டு உக்காருவாங்க? அவங்கள கேட்டீங்களா?

உப்புக்காத்து:
அக்கா கோவமா சொன்னாலும் விஷயம் அதான். இது பணம் போட்டு வட்டி வாங்கற வேலை இல்ல ப்ரோ, அந்த வீட்ல இருக்கற ஆளோட வேலை. சென்ட்ரல் டூரிசம் மினிஸ்ட்ரியோட ஹோம்ஸ்டே ஸ்கீம்லயே ஓனர் அந்த வீட்ல குடியிருக்கணும்னு தான் போட்டிருக்கு, ஆறு ரூம் வரைக்கும் தான். கெஸ்ட் எல்லாருக்கும் ஐடி வாங்கி வெக்கணும். ஃபாரினர் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபார்ம், அதாவது வெளிநாட்டுக்காரர் தங்கறத அரசுக்கு சொல்ற படிவம், ஆன்லைன்ல ஏத்தணும், நம்ம ஊர்ல பொறந்து இப்ப பாரிஸ்ல இருக்கறவரு தமிழ்ல பேசிகிட்டே வந்தாலும் கைல பிரெஞ்சு பாஸ்போர்ட்னா சி ஃபார்ம் தான். இதெல்லாம் பெரியம்மா பண்ணுவாங்களா, நீங்க சென்னைலேர்ந்து பண்ணுவீங்களான்னு பிரிச்சுக்கோங்க. மெசேஜ் பதில், விலை, காலண்டர், சி ஃபார்ம் நீங்க. சாவி, எடம் சுத்தமா இருக்கான்னு பாக்கறது அவங்க. அப்ப வரவுலயும் அவங்களுக்கு பங்கு உண்டு. ரெண்டு ஆப்ல போட்டீங்கன்னா காலண்டர மறக்காம இணைச்சுடுங்க, ஒரே நைட்டுக்கு ரெண்டு குடும்பம் பெட்டியோட வந்து நின்னா பெரியம்மா உங்கள தான் திட்டுவாங்க.

"குடும்பம் மட்டும், மொட்டைமாடி ராத்திரி பத்து மணி வரைக்கும்"னு ரூல்ல கொட்டை எழுத்துல போடுங்க. புக்கிங் கொறையும், கொறையட்டும்.

வாரக்கடைசி:
குடும்பம் மட்டும்னு போட்டா கல்யாணம் ஆகாத ஜோடி எல்லாம் எங்க போறது? சட்டப்படி அவங்க தங்கறதுல ஒரு தப்பும் இல்லையே.

உப்புக்காத்து:
சட்டத்துல தப்பில்ல தம்பி, ஐடி இருந்தா நான் குடுக்கறேன், சத்தமே போடாத கெஸ்ட் அவங்க தான். பேச்சிலர் கேங்க் பத்து பேர் வந்தா தான் குடுக்கறதில்ல. ஆனா பெரியம்மா வீட்டு ரூல பெரியம்மா தான் சொல்லணும், நீங்களும் நானும் இல்ல.

மாடிப்போர்ஷன்:
நேத்து பெரியம்மாவுக்கு போன் போட்டேன். ஒரு மணி நேரம் பேசினாங்க. மாடில இருக்கறவங்க பொண்ணு பத்தாவது, பரீட்சை முடியற வரைக்கும் காலி பண்ண சொன்னா உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்கப்புறம் வேணா ரெண்டு ரூம்ல ஒண்ண மட்டும் தனி பாத்ரூமோட பிரிச்சு போடு, இன்னொண்ணுல பெரியம்மாவோட தங்கச்சி வந்து கூட இருக்கட்டும்னு சொல்றாங்க. ஆஸ்ரமத்துக்கு வர்றவங்க வந்தா சந்தோஷம்னாங்க. வரவுல பாதி அவங்களுக்கு.

கணக்குப்புள்ள:
ஒரு ரூம்னா ஒரு ஏசி போதும், போடற முதலீடு பாதியா கொறையும். பாதி பங்கு நியாயம் தான். முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, சொந்தக்காரங்க கணக்கு தான் கடைசில வம்பு.

உப்புக்காத்து:
பெரியம்மா இருக்கற வீடுன்னு லிஸ்டிங்ல எழுதுங்க, அதுக்குன்னே தேடி வர்ற ஆளுங்க இருக்காங்க.

பக்கத்துவீட்டுக்காரி:
அந்த பொண்ணு பரீட்சைய பத்தி நெனச்சாங்களே, அது போதும். ஆனா எந்த வீதின்னு சொல்லிடுங்க தம்பி. எங்க வீதியா இருந்தா கார் பார்க்கிங் பத்தி இப்பவே பேசிடலாம்.